நொய்யல் கரையின் மணிப் பட்டறைகள்

திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் படியூர் என்றோர் ஊர் உள்ளது. பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் நாள்தோறும் அதைக் கடந்து போகின்றன. அவ்வூரின் மண்ணில் கடல்நீரின் நிறம் கொண்ட பெரில் என்னும் பச்சைக்கல் கிடைத்தது. 1819-20ஆம் ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே தோண்டி அக்கற்களை எடுத்தார். ஆனால் அவருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டார மக்கள் மணிக்கற்களை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி வந்தனர்.

அதற்கான சான்று கொடுமணலில் உள்ளது. திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. பதிற்றுப்பத்து கொடுமணம் எனப் போற்றும் அணிகலன்களின் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழாய்வு நடத்தியது. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் ஆகியவற்றின் மணிகள் கிடைத்தன. ஒரே ஈமக்குழியில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. நூல் நூற்கப் பயன்பட்ட தக்களி வட்டுகளும் அதே ஊரில் கிடைத்துள்ளன. நொய்யல் கரைக்கு நூல் தொழிலும் புதிதன்று.

முடிக்கப்பட்ட மணிகளைவிட முடிக்கப்படாதவையே நமக்கு அதிகம் கற்பிக்கின்றன. உடைத்த கல், உருவம் கொடுத்த கல், தேய்த்தும் துளையிடாத கல் எனப் பல நிலைகளில் அவை கிடைத்தன. மணிகள் வெளியூரிலிருந்து வந்திறங்கிய சரக்கல்ல, அங்கேயே செய்யப்பட்டவை என்பதை இவை காட்டுகின்றன. உரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகின்றன என்று எழுதினார். அறுபட்டையாகத் தீட்டினால்தான் அவற்றின் மங்கிய நிறம் ஒளி பெறும் என்றும் குறிப்பிட்டார்.

கல்லைக் கல்லால்தான் வெல்ல வேண்டும் என்பதே இத்தொழிலின் அடிப்படை. கடினத்தின் அளவுகோலில் பளிங்கு 7, பெரில் 7.5 முதல் 8, குருந்தம் 9, வைரம் 10. மெல்லியதை வலியது தேய்க்கும். காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியில் குருந்தம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான். ஆக, தீட்ட வேண்டிய கல்லும் தீட்டும் பொடியும் இவ்வட்டாரத்திலேயே இருந்தன.

பழைய முறையை இன்றும் ஓரளவு காட்டுவது குசராத்தின் கம்பாத் நகரம். அங்குள்ள கைவினைஞர்கள் அகேட் கல்லைச் சூடேற்றி, இரும்பு முளையில் வைத்து, எருமைக் கொம்பால் ஆன சுத்தியால் தட்டி உருவாக்குவர். நுனியில் வைரத் துகள் பதித்த ஊசியை வில்லால் சுழற்றித் துளையிடுவர். துளைக்குள் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் கல்லை உலர்நிலையில் மின்சாணையில் தேய்த்த தொழிலாளர் பலர் நுண்தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். அந்நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை.

கற்களைப் பற்றி எழுதிய முஸ்லிம் அறிஞர்களுள் முதன்மையானவர் அல்பிரூனி (973 - சுமார் 1050). 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலை அவர் இயற்றினார். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று அக்காலத்தவர் நம்பினர். அவர் மரகத மாலையைப் பாம்புக்குச் சூட்டினார். அதன் கூடைக்கடியில் மரகதம் பரப்பினார். ஒன்பது மாதங்கள் சோதித்தும் ஒரு விளைவும் காணவில்லை என்று பதிவு செய்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக ஹதீஸ் கூறுகிறது. கல்லை அணிவதற்குத் தடையில்லை. ஆனால் கல் விதியை மாற்றும் என்று கூறி விற்பவரிடம் ஏமாறுவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்களுக்கு அல்பிரூனியின் சோதனையே போதிய விடை.

கற்களின் எடையை நீரின் எடையோடு ஒப்பிட்டும் அவர் அளந்தார். அத்தகைய ஒப்பீட்டை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கல்லை முதலில் காற்றிலும் பின்னர் நீரில் தொங்கவிட்டும் எடை போடுங்கள். முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் பளிங்குக்கு 2.65 வரும், நீலக்கல்லுக்கு 4 வரும்.

விடுமுறையில் இக்கலையைப் பழக விரும்பும் இளைஞருக்குச் சில குறிப்புகள்: அகேட், ஜாஸ்பர் போன்ற உறுதியான கற்களில் தொடங்குங்கள். வைரத்தூள் பதித்த சிறு அறுவைச் சக்கரமும், 80, 220, 600, 1200, 3000 எனப் படிப்படியாக மென்மையாகும் சாணைத் தகடுகளும் போதும். கல்லை அரக்கால் ஒரு குச்சியில் ஒட்டிப் பிடித்தால் விரலுக்கு ஆபத்தில்லை. ஒவ்வொரு படி முடிந்ததும் கல்லையும் கையையும் கழுவுங்கள். முந்தைய தகட்டின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் மெருகு கெடும். கல்லைத் துடைத்து உலர்த்திய பின்பே கீறலைத் தேடுங்கள், ஈரம் கீறலை மறைத்துவிடும். அகேட்டின் இறுதி மெருகுக்குக் கம்பளித் தகட்டில் சீரியம் ஆக்சைடு ஏற்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீரின்றி ஒரு கணமும் தேய்க்காதீர்கள். முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். சேற்றை உலரவிட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் மின்கசிவுத் தடுப்பான் இல்லாத இணைப்பில் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். கொடுமணல் போன்ற இடங்களில் கிடக்கும் மணியை எடுத்துவரவும் வேண்டாம். அது கிடக்கும் இடத்தில் இருந்தால்தான் வரலாற்றுக்குச் சான்று.

கொடுமணலின் மணிகளைச் செய்தவர்களுள் ஒருவரின் முகமும் நமக்குத் தெரியாது. அவர்களுடைய உழைப்பு மட்டும் இன்னும் ஒளிர்கிறது. நம் ஊரில் தறியிலும் தையலிலும் சாயப்பட்டறையிலும் உழைப்போரும் அத்தகையோரே. பொருளின் அழகைப் போற்றும் நாம், அதைச் செய்தவரின் மூச்சையும் காப்பதை அமானத்தாகக் கருத வேண்டும்.