குச்சிக்கிழங்கும் டாலியும்

1997 பிப்ரவரியில் டாலி ஆட்டுக்குட்டியின் செய்தி வந்தபோது எங்கள் ராசிபுரம் டீக்கடையில் அதே பேச்சுதான். "ஆண்டவன் வேலையில கை வெக்கலாமா?" என்றார் ஒரு பெரியவர். பக்கத்திலிருந்த விவசாயி சிரித்தார். "வருசா வருசம் குச்சி வெட்டி மரவள்ளி நடறமே, அதுவும் நகல்தானுங்களே!"

உண்மைதான். குச்சியில் முளைப்பது தாய்ச்செடியின் அச்சு. அதனால்தான் தாய்ச்செடியின் தேமல் நோயும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் 277 கருமுட்டைகளில் தேறியது டாலி ஒன்றுதான். கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் நகல் எருமைக்கன்று சில நாளில் இறந்தது. ஜூனில் பிறந்த கரிமா இரண்டு ஆண்டு இருந்தது.

2005இல் மனித நகலாக்கத்தைத் தடுக்கக் கோரிய ஐ.நா. பிரகடனம் 84-34 என நிறைவேறியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மனிதரை நகலெடுக்க அல்ல, நோய் தீர்க்கும் ஆராய்ச்சிக்கு வழி அடைபடக் கூடாது என்று.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் கேள்வியை இப்போது நான் வேறு மாதிரி கேட்பேன். முளைக்காத குச்சியைப் பிடுங்கி எறிந்துவிடலாம். தங்காத கருவைச் சுமந்த எருமைக்கு என்ன சொல்வது?