பெருநிறுவனங்களுக்கு வெளியே திகில் படம்: ஊதியமற்ற உழைப்பின் வரலாறு, 1962–1987

குறைந்த செலவில் திகில் படம் எடுப்பது ஹாலிவுட்டில் நெடுங்காலமாக வழக்கில் இருந்த வணிக உத்தியாகும். 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ மிகச் சிக்கனமாக எடுக்கப்பட்ட படம்தான் என்றாலும், அதில் பணியாற்றிய தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு நிறுவனத்தின் சம்பளமும், பழைய படங்களுக்காக எழுப்பப்பட்ட அரங்குகளும் கிடைத்தன. 1960களில் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மையங்களைச் சாராத நகரங்களில் தோன்றிய திகில் படங்கள் இவற்றினின்று அடிப்படையிலேயே வேறுபட்டவை. அவற்றின் செலவு குறைந்தது சிக்கனத்தால் மட்டும் அன்று. பணம் போதாத இடங்களையெல்லாம் அவற்றை எடுத்தவர்கள் ஊதியமில்லா உழைப்பால் நிரப்பினார்கள். ஆர்வத்தின் விளைவு என்று பொதுவாகப் பாராட்டப்படும் இவ்வுழைப்பு உண்மையில் அப்படங்களின் முதலீடுகளுள் ஒன்று. அது இட்டவர்களுக்குத் திரும்பிவந்ததா என்ற கேள்வியே இவ்வரலாற்றின் மையமாகிறது.

கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இயங்கிய சென்ட்ரான் நிறுவனம், பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயிற்சிப் படங்கள் எடுத்துக்கொடுத்தது. அங்கு இயக்குநராக இருந்த ஹெர்க் ஹார்வி, கலிஃபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரும் உப்பேரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் கேளிக்கை மண்டபத்தைக் கண்டார். அம்மண்டபத்தில் முடியும்படி ஒரு கதையைத் தம் அலுவலக நண்பர் ஜான் கிளிஃபோர்டை எழுதச் செய்தார். உள்ளூர் வணிகர்களிடம் பணம் திரட்டினார். மூன்று வாரம் விடுப்பு எடுத்து, சென்ட்ரான் சகாக்கள் அடங்கிய மிகச் சிறிய குழுவோடு ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படத்தை எடுத்து முடித்தார். சுமார் 33,000 டாலர் என்று கணக்கிடப்படும் அதன் செலவில் கணிசமான பகுதி ஒத்திவைத்த ஊதியம், அதாவது படம் வருவாய் ஈட்டிய பின்னரே தரப்படும் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கூலி. படத்தின் முதன்மைப் பேயாக நடித்தவரும் ஹார்வியே.

1962இல் வெளிவந்த இப்படத்தின் அழகைத் தற்செயலின் விளைவாகக் கருதுவது தவறு. பயிற்சிப் படம் எடுப்பவர் அரங்கு அமைப்பதில்லை. ஆலைக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நுழைந்து, இருக்கும் இடத்துக்குச் சில விளக்குகளால் ஒளியமைத்து, விரைவாகப் படமெடுத்துக்கொண்டு வெளியேறுபவர். அந்தப் பழக்கமே, தேவாலய ஆர்கன் வாசிக்கும் பெண்ணொருத்தி அன்றாட உலகிலிருந்து மெல்ல அறுந்துபோகும் கதைக்கு உண்மை இடங்களின் வெறுமையைத் தந்தது. காருக்குள் நிகழும் காட்சிகளை, சாலைக் காட்சியைப் பின்னால் திரையில் ஓடவிடும் பின்திரை உத்தியின்றி, கையடக்கக் கேமராவைக் கொண்டு ஓடும் காரிலேயே எடுக்கவும் துணைநின்றது. ஆனால் விநியோக நிறுவனம் நொடித்துப்போனதால் முதலீட்டாளர்களும் குழுவினரும் எதிர்பார்த்த பணம் வரவில்லை. ஹார்வி பயிற்சிப் படங்களுக்கே திரும்பினார். வேறு முழுநீளக் கதைப்படம் எதையும் அவர் இயக்கவில்லை. 1989இல் அப்படம் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்து போற்றப்பட்டபோது, ஊதியத்தை ஒத்திவைத்து உழைத்த காலம் கால் நூற்றாண்டுக்கும் அப்பால் போயிருந்தது.

பிட்ஸ்பர்க் நகரில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் நடத்திய லேட்டன்ட் இமேஜ் நிறுவனத்தின் பிழைப்பு விளம்பரப் படங்கள். தலா 600 டாலர் இட்ட பத்துப் பேரின் கூட்டாக இமேஜ் டென் அமைக்கப்பட்டு, அந்த 6,000 டாலரை வைத்துத் தொடங்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’, மேலும் முதலீட்டாளர்கள் சேர்ந்தபின் சுமார் 1,14,000 டாலரில் முடிந்தது. 1967இல், விளம்பர வேலைகளுக்கு இடையே கிடைத்த நாள்களில், இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணைவீட்டில் படப்பிடிப்பு நடந்தது. கார்ல் ஹார்ட்மன், மேரிலின் ஈஸ்ட்மன் இருவரும் முதலீடு செய்து, நடித்து, ஒப்பனையும் ஒலியும் கவனித்தனர். கறுப்புவெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் பாகு இரத்தமாயிற்று.

1968 அக்டோபரில் வெளிவந்த இப்படத்தின் உரிமை இழக்கப்பட்ட விதம் தனிக் கவனத்துக்குரியது. அப்போது நடைமுறையிலிருந்த 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்படும் பிரதிகளில் உரிமைக் குறிப்பு இடம்பெற வேண்டும். ‘நைட் ஆஃப் த ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’ என்ற முந்தைய தலைப்பை விநியோகஸ்தரான வால்டர் ரீட் நிறுவனம் மாற்றியபோது, தலைப்போடு இருந்த குறிப்பும் விடுபட்டுப்போனது. படம் உரிமையாளரற்ற பொதுச்சொத்தாயிற்று. தொலைக்காட்சிகளும் பின்னர் ஒளிநாடா நிறுவனங்களும் அனுமதி பெறாமலே பிரதியெடுத்தன. அப்படம் இவ்வளவு பரவியதற்கு அத்தவறும் ஒரு காரணம் என்பது உண்மையே. ஆயினும் அப்பரவலுக்கு விலை கொடுத்தவர்கள் அதை உழைத்து உருவாக்கியவர்கள் என்பதை மறந்து, அத்தவறை ஒரு நற்பேறாக எழுதுவது நியாயமாகாது.

டெக்சாஸில் 1973ஆம் ஆண்டின் கடுங்கோடையில் டோபி ஹூப்பர் 16 மி.மீ. படச்சுருளில் எடுத்த ‘த டெக்சாஸ் செயின் சா மாசகர்’ படத்திலும், உழைப்பின் பலன் உழைத்தவர்களைச் சேராத இதே நிலைதான். நடிகர்களும் குழுவினரும் குறைந்த கூலியோடு இலாபப் பங்குகளைப் பெற்றனர். படம் பெருவெற்றி பெற்றும், பங்குகள் பகுக்கப்பட்ட முறையாலும் விநியோக நிறுவனத்துடன் எழுந்த வழக்காலும் அவர்களுள் பலருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

மிச்சிகனைச் சேர்ந்த சாம் ரெய்மி, ராபர்ட் டேப்பர்ட், புரூஸ் கேம்ப்பெல் ஆகியோர் பணம் கேட்கும் முறையையே மாற்றினர். 1978இல் சூப்பர் 8 சுருளில் ‘விதின் த வுட்ஸ்’ என்ற குறும்படத்தை எடுத்து, அதை மாதிரியாகக் காட்டி, முறையான பங்காளர் ஒப்பந்தத்தின் கீழ் டெட்ராய்ட் வட்டாரத்தின் பல் மருத்துவர்கள் உள்ளிட்டோரிடம் முதல் திரட்டினர். டென்னசியின் மாரிஸ்டவுன் அருகே ஒரு மரக்குடிலில் 1979 நவம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு, திட்டமிட்ட ஆறு வாரங்களைத் தாண்டிக் கடுங்குளிருக்குள் நீண்டது. பெரும்பாலான நடிகர்கள் ஊர் திரும்பிவிட, எஞ்சிய காட்சிகளில் முகம் தெரியாதபடி நண்பர்கள் மாற்றாக நின்றனர். நடிகர் சங்க உறுப்பினர்களான இருவர், சங்க ஒப்பந்தமற்ற படம் என்பதால் புனைபெயரில் நடித்தார்கள் என்பது, இத்தகைய உழைப்பு தொழிற்சங்க விதிகளுக்குப் புறத்தே நிகழ்ந்ததைக் காட்டுகிறது. கேமராவை நீண்ட பலகையொன்றில் பொருத்தி, இருமுனையிலும் இருவர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியதால் கிடைத்ததே, ‘த ஈவில் டெட்’ (1981) படத்தில் கண்ணுக்குத் தெரியாத தீய ஆற்றலின் பார்வை. விலையுயர்ந்த கருவிக்கு ஈடாக நின்றது இரு மனிதர்களின் உடலுழைப்பு.

நியூசிலாந்தின் பீட்டர் ஜாக்சனுக்கு அத்தகைய முதலீட்டாளர்களும் இல்லை. வெலிங்டன் நாளிதழொன்றில் அச்சுக்கான ஒளிச்செதுக்குப் பணியில் இருந்த அவர், 1983 முதல் நான்காண்டுகள் வார இறுதிகளில் நண்பர்களைக் கூட்டி ‘பேட் டேஸ்ட்’ படத்தை எடுத்தார். வேற்றுலகவாசிகளின் முகமூடிகள் தாயாரின் சமையலறை அடுப்பிலேயே சுட்டெடுக்கப்பட்டன. ஒரு காட்சியில் மோதிக்கொள்ளும் இருவரும் அவரே. ஒரு பாத்திரத்துக்குத் தாடி வைத்தும் மற்றதற்கு மழித்தும், இடைவெளி விட்டு அக்காட்சி எடுக்கப்பட்டது. பெரும்பகுதி எடுக்கப்பட்ட நிலையில், அரசு சார்ந்த நியூசிலாந்துத் திரைப்பட ஆணையம் படத்தை முடிக்க நிதி வழங்கியது. தனியார் விநியோகஸ்தரை மட்டுமே நம்பியிருந்த ஹார்விக்கும் ரொமேரோவுக்கும் கிட்டாத துணை அது. அந்நிதி வந்த பின்னரே ஜாக்சன் நாளிதழ் வேலையிலிருந்து விலகி, முழுநேரமும் படவேலையில் ஈடுபட முடிந்தது.