மணல் மறைத்த மஃதின்கள்

அரபு நாடு என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவன மணலும் ஒட்டகமும் பேரீச்சையுமே. 1938ஆம் ஆண்டு தம்மாமில் எண்ணெய் பீறிட்ட பின்னரே அம்மண்ணுக்குச் செல்வம் வந்தது எனக் கற்றறிந்தோரும் எழுதிவிடுகின்றனர். அரபு நூல்களோடு பழகியவர்க்கு இக்கூற்று வியப்பையே தரும். நம் மதரஸாக்களில் ஜகாத் பாடம் நடைபெறும்போது 'மஃதின்' என்னும் சொல் வருகிறது. 'சுரங்கம்' என்று பொருள் கூறி அடுத்த வரிக்குச் செல்வதே வழக்கம். அச்சுரங்கம் எங்கே இருந்தது, அதைத் தோண்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஓரிடத்தில் நிலைத்திருத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. 'ஜன்னத்து அத்ன்' என்பதிலுள்ள 'அத்ன்' என்பதற்கும் அதுவே வேர்.

அரபுத் தீபகற்பத்தின் மேற்குப் பாதி மிகப் பழமையான பாறைகளால் ஆனது. நிலவியலார் அதனை அரபுக் கேடயம் என்பர். பொன்னும் வெள்ளியும் செம்பும் அங்கேதான் பாறை வெடிப்புகளில் படிந்துள்ளன. எண்ணெயோ கிழக்கே, பிற்காலத்தில் அடுக்கடுக்காகப் படிந்த பாறைகளுக்குள் கிடக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிலால் இப்னு ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்குக் கபலிய்யாச் சுரங்கங்களை மானியமாக அளித்த செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ளது. சுரங்கப் பொருளில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத்தா, ஐந்தில் ஒரு பங்கா என்று இமாம்கள் வாதிட்டனர். ஷாஃபியீ, மாலிகீ மத்ஹபினர் முன்னதையும் ஹனபீகள் பின்னதையும் கொண்டனர். கண்ணெதிரே குழிகள் தோண்டப்பட்ட நாட்டில் எழுந்த விவாதம் அது, ஏட்டுக் கற்பனையன்று.

இதனினும் சிந்தனைக்குரியது மஃரிபு உப்பின் வரலாறு. யமன் நாட்டு அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) மஃரிபின் உப்புப் படிவத்தைத் தமக்கு அளிக்குமாறு வேண்டினார். நபிகளாரும் இசைந்தார்கள். அவர் திரும்பிச் சென்றபின், அவையிலிருந்த ஒருவர், அவருக்கு அளிக்கப்பட்டது வற்றாத நீரூற்றைப் போன்றது என்று எடுத்துரைத்தார். நபிகளார் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதிலிருந்தே, உழைத்துத் தோண்டாமல் கைக்கு எட்டும் கனிப்பொருளில் மக்கள் அனைவருக்கும் பங்குண்டு, அதனைத் தனியொருவர் வளைத்துக்கொள்ளலாகாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சட்டம் வகுத்தனர். ஆழத்தில் மறைந்து கிடப்பதற்கு வேறு விதி. சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்றும் நாடுகளை ஆட்டிவைக்கும்போது, ஓர் உப்பு வயலை முன்னிட்டு எழுந்த இத்தீர்ப்பு ஜகாத் கணக்குக்குள் அடங்கிக் கிடப்பது முறையாகத் தோன்றவில்லை.

இச்சுரங்கங்களைப் பற்றி முறையாக எழுதிவைத்தவர் ஸன்ஆவில் பிறந்து ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அல்ஹம்தானீ. பொன், வெள்ளி ஆகிய இரண்டையும் பற்றி அவர் இயற்றிய 'கிதாபுல் ஜவ்ஹரதைன்' உருக்குதல், புடமிடுதல், நாணயம் அடித்தல் ஆகியவற்றைத் தொழிலாளியின் நுட்பத்தோடு விளக்குகிறது. அவருடைய மற்றொரு நூலான 'ஸிஃபத்து ஜஸீரத்தில் அரப்', நஜ்துப் பகுதியின் ஷமாம் சுரங்கத்தில் வெள்ளியும் செம்பும் எடுக்கப்பட்டதையும், ஆயிரக்கணக்கான மஜூஸிகள் அங்கே உழைத்ததையும், அவர்களுக்கு இரண்டு நெருப்புக் கோயில்கள் இருந்ததையும் சொல்கிறது.

ஸன்ஆவுக்கு வடகிழக்கே, நிஹ்மு மலைப்பகுதியில் இருந்த அர்ரள்ராள் என்னும் வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது நெஞ்சில் தைக்கும். அங்கே நானூறு உலைகள் எரிந்தன. அவ்வூருக்கு நேரே பறந்து வந்த பறவை உலைகளின் வெம்மையால் செத்து விழுமாம். வாரந்தோறும் ஓர் ஒட்டகச் சுமை வெள்ளி, இருபதாயிரம் திர்ஹம் மதிப்புடையது, அங்கிருந்து இறங்கியது. தோண்டியவர்கள் இஸ்லாத்துக்கு முன்பே குடியேறிய பாரசீகக் குடும்பத்தினர். ஹிஜ்ரி 270இல் (கி.பி. 883) யமன் ஆட்சியாளர் முஹம்மது இப்னு யுஃபிர் மாண்டபின் நாட்டில் குழப்பம் மூண்டது. சுற்றுப்புறக் குலத்தார் பாய்ந்து சுரங்கத்தாரைக் கொன்றனர். தப்பியவர்கள் ஸன்ஆவுக்கு ஓடினர். வெள்ளி தீர்ந்ததால் மூடப்பட்ட சுரங்கம் அன்று அது. காவலும் வழியும் விறகும் அற்றுப்போனால் பாறைக்குள் எவ்வளவு செல்வம் இருந்தும் பயனில்லை.

பழங்காலப் பொற்குழிகளில் புகழ் வாய்ந்தது பக்தாத்திலிருந்து மக்கா செல்லும் ஹஜ்ஜுப் பாதையில் ஒரு தங்குமிடமாக விளங்கிய 'மஃதின் பனீ ஸுலைம்'. மதீனாவுக்குத் தென்கிழக்கேயுள்ள இன்றைய மஹ்துத் தஹப், அதாவது பொன்னின் தொட்டில், அவ்விடமே என்பது ஆய்வாளர் கருத்து. மன்னர் அப்துல் அஸீஸின் அழைப்பில் வந்த அமெரிக்கப் பொறியாளர் ட்விட்செல் 1932இல் அதனைப் பார்வையிட்டார். பின்னர் 1939 முதல் 1954 வரை அங்கே ஏழரை லட்சம் அவுன்ஸுக்கு மேல் பொன் எடுக்கப்பட்டது. புதிதாய் வந்தவர்கள் முன்னோர் எறிந்துவிட்டுப் போன குப்பை மேடுகளையும் அரைத்துப் பொன் கண்டனர். பழைய குழிகளில் கிடந்த கரித்துண்டுகளைச் சோதித்ததில் சில மூவாயிரம் ஆண்டு முந்தியவை, சில அப்பாஸிய காலத்தவை என்று தெரிந்தது. 1988இல் மீண்டும் தொடங்கிய உற்பத்தி இன்றும் நடக்கிறது.

அர்ரள்ராளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆயினும் 1980களில் நிஹ்மிலுள்ள ஜபலீ என்னுமிடத்தில் பிரெஞ்சு நிலவியலார் பழைய குழிகளையும் உலைக் கசடுகளையும் கண்டனர். அங்கே கிடைத்த கரியின் காலம் ஹம்தானீ குறித்த காலத்தோடு ஒத்திருந்தது. அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டே அவ்விடத்தை அடையாளம் கண்டனர்.