பல் ஆடினால் சர்க்கரையைப் பாருங்கள்

வயதானால் பல் ஆடத்தான் செய்யும் என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. அது வயதின் குற்றமல்ல என்று பிரெஞ்சு மருத்துவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால், அந்தப் பழைய கதைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு.

பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் பியேர் ஃபொஷார் 1728இல் தம் பெரிய நூலை வெளியிட்டார். பல்லைப் புழு அரிக்கிறது என்று உலகம் நம்பிய காலம் அது. அவர் அதை மறுத்தார். பல்லில் படியும் காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். ஈறு அழுகிப் பல் ஆடும் நோய்க்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் ஈறுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியாது.

அதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் பாரிஸ் மருத்துவர் எமில் மாஜித்தோ. 1880களில் நீரிழிவு நோயாளிகளின் வாயை ஆராய்ந்து, பல் ஆடுவது அந்த நோயின் தொடக்க அடையாளங்களில் ஒன்று என்று எழுதினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் முன்பே சொன்ன சொல் இது!

பிறகு ஏன் மறந்தோம்? 1892இல் பிரான்சில் பல் மருத்துவத்துக்குத் தனிப் பட்டம் சட்டமாக வந்தது. மற்ற நாடுகளிலும் பல் ஒரு துறை, உடல் வேறொரு துறை என்றாயிற்று. ஒரே கோப்பை இரண்டு துறைகளுக்குப் பிரித்து அனுப்பினால் என்ன ஆகும் என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1993இல்தான் ஹரால்ட் லோ என்ற அறிஞர், கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றோடு ஈறு நோயையும் சேர்த்து, நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார்.

உறவு இருவழிப் பாதை. சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், ஈறு புண்ணாகும். ஈறு புண்ணானால் அந்த அழற்சி இரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கும். சர்க்கரை மேலும் கூடும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 0.4 புள்ளி இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. மாத்திரைக்கு அது துணை.

ஆகவே நண்பர்களே, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தாலோ பல் ஆடினாலோ சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.