எளிய விலை டைவர் வாட்ச்களின் மெஷின்: நம்பகமும் துல்லியமும்

தானியங்கி டைவர் வாட்ச் என்பது சாவி கொடுக்காமல் கையசைவிலேயே ஓடும், நீர் புகாத, முக்குளிப்போருக்கென்று செய்த கைக்கடிகாரம். அது பிறந்தது 1953இல். அந்த ஆண்டில்தான் பிளாங்பான் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் ரோலெக்ஸின் சப்மரீனரும் உருவாயின. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1943இல், ழாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் அக்வாலங் என்னும் மூச்சுக்கருவியை உருவாக்கியிருந்தார்கள். முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து இறங்குகிறவர், காற்று இன்னும் எத்தனை நிமிடத்துக்குத் தாங்கும் என்பதைத் தாமே கணக்கிட வேண்டியிருந்தது. இந்தத் தேவைக்கு விடையாகத்தான் டைவர் வாட்ச் வந்தது.

தொடக்கத்திலேயே இவற்றுக்குத் தானியங்கி மெஷினைத் தேர்ந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் தினமும் சாவித்திருகைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். திருகுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தினமும் தேயும். தேய்ந்த இடத்தில் நீர் நுழையும். தானே சுற்றிக்கொள்ளும் மெஷின் இருந்தால் திருகைத் தொட வேண்டிய வேலை மிகவும் குறைந்துவிடும். ஆக, மெஷினின் வகையே நீர்காப்பின் ஒரு பகுதியாகத் தொடக்கம் முதல் அமைந்தது.

முக்குளிப்போர் தம் கடிகாரத்திடம் எதிர்பார்க்கும் துல்லியம் எவ்வளவு என்பதை இங்கே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. இறங்கும்போது முகப்பைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைப்பார்கள். பிறகு கடந்த நிமிடங்களை வளையத்திலேயே படித்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 40 விநாடி வேகமாக ஓடும் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 2 விநாடிகூடப் பிசகாது. நிமிடக் கணக்கில் படிக்கும் வளையத்தில் அந்தப் பிசகு கண்ணுக்கே தெரியாது. ஆனால் கடிகாரம் நின்றுபோனால் நிலைமை வேறு: முள் அசையாமல் இருக்க, காற்று தீர்ந்துகொண்டிருக்கும். எனவே நீருக்கடியில் முதல் தேவை நிற்காமல் ஓடுவது. துல்லியம் அதற்குப் பிறகுதான். எளிய விலை டைவர் வாட்ச்களின் வரலாறு முழுவதும் இந்த வரிசைப்படியே நடந்திருக்கிறது.

சுவிஸ் கடிகாரங்கள் கடற்படைகளுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு டைவர் வாட்ச்சைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஜப்பானுடையது. கின்தாரோ ஹத்தோரி 1881இல் தோக்கியோவில் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்த சீக்கோ, 1965இல் ஜப்பானின் முதல் டைவர் வாட்ச்சை வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் இன்று '62மாஸ்' என்று அழைக்கும் அந்தக் கடிகாரம் 150 மீட்டர் ஆழ அழுத்தத்தைத் தாங்கக்கூடியது; மெஷின் உராய்வைக் குறைக்கும் 17 கல் வைத்தது. ஜப்பானிய அண்டார்டிகா ஆய்வுக் குழுவினர் அதை உறைபனிக்குக் கொண்டுபோனார்கள்.

சீக்கோவுக்குத் துல்லியம் கைவராமல் இல்லை. 1968இல் ஜெனீவா வானாய்வகம் நடத்திய கடிகாரப் போட்டியில் அதன் கைக்கடிகாரங்கள் 4ஆம் இடம் முதல் 10ஆம் இடம் வரை பிடித்தன. எந்திரக் கடிகாரங்களில் அவைதான் முன்னணி. அதே ஆண்டில் மணிக்கு 36,000 முறை துடிக்கும் மெஷினோடு 300 மீட்டர் டைவர் வாட்ச்சையும் வெளியிட்டது. ஆனால் வேகத் துடிப்புக்கு வலுவான ஸ்பிரிங் வேண்டும், பற்கள் விரைவில் தேயும், எண்ணெயும் சிதறும். ஆகவே எளிய விலைக் கடிகாரங்களில் மணிக்கு 21,600 துடிப்பு என்ற நிதானமான வேகமே நிலைத்தது. விநாடிக்கு 6 துடிப்பு. ஒரு நாளைக்கு 5,18,400. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 19 கோடி.

இந்த மெஷின்களின் உயிர்நாடி 1959இல் சீக்கோ கொண்டுவந்த 'மேஜிக் லீவர்'. தானியங்கிக் கடிகாரத்தில் கை அசையும்போது அரைவட்ட எடையாகிய ரோட்டார் இருபுறமும் சுழலும். எந்தப் பக்கம் சுழன்றாலும் மெயின் ஸ்பிரிங் ஒரே திசையில் முறுக்கேற வேண்டும். இதற்காக நுணுக்கமான பல் சக்கரங்களை அடுக்கித் திசைமாற்றும் அமைப்புகள் வேறு மெஷின்களில் உண்டு. சீக்கோவின் வழியில் வேலையைச் செய்வது ஒற்றை உலோகத் துண்டு. கவட்டை போல இரண்டு கைகள் கொண்டது அது. ரோட்டார் சுழற்றும் சக்கரத்தில், மையத்திலிருந்து சற்றே விலகிய ஒரு முளையில் அது பொருந்தியிருக்கும். சக்கரம் திரும்பத் திரும்ப அந்தக் கவட்டை முன்னும் பின்னும் போய்வரும். முன்னே போகும்போது ஒரு கை அடுத்த சக்கரத்தின் பல்லைத் தள்ளும். பின்னே வரும்போது மறு கை வேறொரு பல்லை இழுக்கும். இரண்டு அசைவும் சக்கரத்தை ஒரே திசையில்தான் திருப்பும். ரோட்டார் இடம் சுழன்றாலும் வலம் சுழன்றாலும் பயன் ஒன்றே. ஒரு மெஷின் பல்லாண்டு உழைக்க வேண்டுமானால் கெட்டுப்போவதற்கு உள்ள பாகங்களே குறைவாக இருக்க வேண்டும். கடிகாரத் தொழிலில் இந்த எளிமைக்கு ஈடாகச் சொல்லத்தக்க கண்டுபிடிப்புகள் அதிகமில்லை.

1968இல் தொடங்கி 1970களில் விற்ற சீக்கோவின் '6105' டைவர் வாட்ச் மேஜிக் லீவர் மெஷினுக்குக் கிடைத்த கடும் சோதனை. வியட்நாமில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பலர் முகாம் கடைகளில் அதை வாங்கிக் கட்டினார்கள். சேறும் வியர்வையும் மழையும் அன்றாடம் பட்டும் அது ஓடியது. 1979இல் வந்த 'அபொகலிப்ஸ் நவ்' படத்தில் மார்ட்டின் ஷீன் கட்டியிருப்பதும் அதுவே. ஜப்பானிய சாகசப் பயணி நவோமி உவெமுரா, கிரீன்லாந்திலிருந்து அலாஸ்காவுக்கு 12,500 கிலோமீட்டர் நாய்வண்டியில் தனியாகப் போன 1974–76 பயணத்தில் 6105ஐத்தான் கட்டியிருந்தார். வெப்பக் காட்டிலும் துருவக் குளிரிலும் ஓடிய அந்தக் கடிகாரம் விலையால் பெயர் பெற்றதல்ல.

இதே காலத்தில் சோவியத் ஒன்றியம் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், மாஸ்கோவிலிருந்து ஒரு கடிகார ஆலை தாதர்ஸ்தானின் சிஸ்தபோல் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வளர்ந்த வோஸ்தோக் நிறுவனத்தில் மிகைல் நோவிக்கோவும் வேரா பெலோவாவும் 1967இல் 'அம்ஃபிபியா'வை வடிவமைத்தார்கள். அழுத்தத்தோடு மல்லுக்கு நிற்காமல் அழுத்தத்தையே துணைக்கு அழைத்தார்கள் என்பது அதன் சிறப்பு. ஆழம் கூடக்கூடத் தடித்த அக்ரிலிக் கண்ணாடி உள்ளே அழுந்தி இறுகும். பின்மூடி ரப்பர் வளையத்தின் மேல் மேலும் அமரும். 200 மீட்டர் தாங்கும் கடிகாரம் இப்படி மிக மலிவாகச் சாத்தியமாயிற்று. பின்னாளில் அதில் பொருந்திய 2416பி மெஷின் 31 கல் கொண்டது. மணிக்கு 19,800 துடிப்பு. துல்லியத்துக்கு அந்த ஆலை தந்த வரம்பு நாளுக்கு 20 விநாடி தாமதம் முதல் 60 விநாடி வேகம் வரை. உழைப்பாளிகளுக்கும் படைவீரர்களுக்கும் செய்த கடிகாரம் அது. அந்த வரம்பு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதத்துக்கு 5 விநாடிதான் பிசகும் என்றது. எந்த எந்திரக் கடிகாரமும் அதன் அருகில் வர முடியாது. துல்லியத்தில் போட்டி முடிந்துபோனது. எந்திர மெஷின்களுக்கு மிஞ்சியது நம்பகமும் விலையும்தான். பேட்டரி வேண்டாத, ஆலையில் பெருமளவில் செய்யத்தக்க, யாரும் பழுது பார்க்கக்கூடிய மெஷின் என்ற திசையில் அவை நகர்ந்தன. 1976 முதல் 1988 வரை வந்த '6309', 1988 முதல் 1996 வரை வந்த '7002' ஆகிய இரு சீக்கோ டைவர் வாட்ச்களும் இந்தக் காலத்தவை. இரண்டிலும் 17 கல், 21,600 துடிப்பு.

1996இல் வந்தது '7எஸ்26' மெஷின். அதைத் தாங்கிய 'எஸ்கேஎக்ஸ்007' என்ற 200 மீட்டர் டைவர் வாட்ச் உலகெங்கும் எளிய விலைக் கடிகாரத்துக்கு இலக்கணமாக நின்றது. 21 கல், மேஜிக் லீவர், 40 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்ட இருப்பு. இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும்: கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் சரிசெய்யத் திருகை இழுத்தால் விநாடி முள் நிற்காது. சிக்கனம் ஒரு காரணம். ஆனால் திருகைத் திறக்காமலே வைத்திருக்கும் பழக்கமும் அதனால் வந்தது. ரப்பர் வளையம் நீண்டநாள் உழைத்தது. 1953இல் ஃபிஃப்டி ஃபேதம்ஸைச் செய்தவர்கள் எண்ணிய அதே கணக்கு.

7எஸ்26க்கு அறிவித்த வரம்பு நாளுக்கு 20 விநாடி தாமதம் முதல் 40 விநாடி வேகம் வரை. ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருக்கின்றன. அதில் 40 என்பது 0.05 விழுக்காட்டுக்கும் குறைவு. வேகத்துக்கு அதிக இடம் கொடுத்ததும் யோசித்துச் செய்ததே. கடிகாரம் தாமதமானால் வண்டியைத் தவறவிடுவோம். வேகமானால் சற்று முன்பே போய் நிற்போம். இந்த எண் ஆலை தரும் உத்தரவாதத்தின் எல்லைதான். ஒவ்வொரு கடிகாரமும் அவ்வளவு பிசகும் என்று பொருளல்ல. நல்ல நிலையில் உள்ள பல மெஷின்கள் அதைவிட மிகக் குறைவாகவே பிசகுகின்றன. தினமும் ஒரே அளவு பிசகுவது அதைவிட முக்கியம். நாள்தோறும் 15 விநாடி முந்தும் மெஷினைப் பழுதுபார்ப்பவர் ஒரு சிறு நெம்பை நகர்த்திச் சரிசெய்துவிடுவார். இன்று 5 முந்தி நாளை 20 பிந்தும் மெஷினை அப்படிச் சரிசெய்ய முடியாது.

பிசகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஆடித் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீலையும் அதோடு சேர்ந்த ஹேர் ஸ்பிரிங்கையும்தான் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் படுக்க வைத்தால் சக்கரத்தின் அச்சு நுனியில் நிற்கும், உராய்வு குறைவு. நிறுத்தி வைத்தால் அச்சின் பக்கம் உராயும், துடிப்பு மாறும். மெயின் ஸ்பிரிங் தளரத் தளர வீச்சும் மாறும். காந்தம் பட்டால் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தும். ஒலிபெருக்கியும் கைப்பையின் காந்தக் கொக்கியும் இதற்குப் போதும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வைத்தால் பெரும்பாலும் பழைய ஓட்டம் திரும்பும்.

துல்லியம் என்பது மெஷினின் பிறவிக்குணத்தைவிடக் கைவேலையின் அளவு என்பதற்குச் சுவிஸ் நாட்டின் ஈட்டா 2824 மெஷின் நல்ல சான்று. ஒரே வடிவமைப்பு, ஆனால் நான்கு தரங்களில் விற்றது. அடிப்படைத் தரத்தை இரண்டு நிலைகளில் மட்டும் சரிசெய்வார்கள். உயர்தரத்தை ஐந்து நிலைகளில். உச்சத் தரமான குரோனாமீட்டருக்கு 15 நாள் சோதனை, ஐந்து நிலைகள், மூன்று வெப்பநிலைகள். நாளுக்கு 4 விநாடிக்கு மேல் பிந்தக்கூடாது, 6 விநாடிக்கு மேல் முந்தக்கூடாது. இந்த நேரத்துக்கும் உழைப்புக்கும் கூலி உண்டு. எளிய விலை மெஷின்களுக்கு அந்தக் கூலியைக் கொடுக்க முடியாது. அதனால்தான் அவற்றின் வரம்பு அகலமானது.

டைவர் வாட்ச்களுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 6425 முதலில் 1982இல் வந்தது. குறைந்தது 100 மீட்டர், அறிவித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதனை, உப்புநீர், அதிர்ச்சி, இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து முள்கள் தெரிய வேண்டும். காந்தச் சோதனைக்குப் பின் ஓட்டம் நாளுக்கு 30 விநாடிக்கு மேல் மாறக்கூடாது என்பதும் ஒரு விதி. குரோனாமீட்டர் அளவு துல்லியத்தை அந்தத் தரம் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் சீக்கோவின் இந்த மெஷின் குடும்பத்தைக் கண்டவர்கள் ஏராளம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் கட்டிவந்த சீக்கோ ஃபைவ் கடிகாரங்களில் ஓடியதும் இதே குடும்பத்து மெஷின்களே. மேஜிக் லீவரும் 21,600 துடிப்பும் அதே. நீர்காப்புக் கூடுதான் வேறு. ஆண்டுக்கணக்கில் திறந்து பார்க்காமல் ஓடியவையும் அவற்றில் உண்டு. ஆனால் எண்ணெய் என்றைக்கும் வற்றாமல் இருப்பதில்லை. வற்றிய மெஷின் ஓடிக்கொண்டே தன் அச்சுகளைத் தானே அரிக்கும். நின்றால்தான் பழுது என்று எண்ணுவது தவறு.

2010களில் 4ஆர்36 மெஷின் 24 கல்லோடு வந்து, சாவி கொடுக்கும் வசதியையும் விநாடி முள்ளை நிறுத்தும் வசதியையும் சேர்த்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த என்ஹெச்35ஐ மற்ற நிறுவனங்களுக்கும் விற்கத் தொடங்கியபின், சிறு கடிகார நிறுவனங்கள் பலவும் அதைப் பொருத்தித் தங்கள் டைவர் வாட்ச்களைச் செய்கின்றன. சுவிஸ் நிறுவனமான டிசோ தன் சீஸ்டார் டைவர் வாட்ச்சில் வைக்கும் பவர்மேட்டிக் 80 மெஷின் எண்பது மணி நேரம் ஓடும். சரிசெய்யும் நெம்பு அதில் இல்லை. ஆலையிலேயே லேசரால் அளவிட்டு அமைத்துவிடுவார்கள். எஸ்கேஎக்ஸ்007இன் உற்பத்தி 2019இல் நின்றது. என்ஹெச்35க்கு இன்று அச்சிடும் துல்லிய வரம்பு, நாளுக்கு 20 விநாடி தாமதம் முதல் 40 விநாடி வேகம் வரை.