முட்டைப் பாடம்

உபாத்தியாயர் ஒரு முட்டையை உடைத்து, வெள்ளைக் கருவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடுகிறார். அதன்மேல் கொஞ்சம் ஆல்கஹாலை ஊற்றுகிறார். சற்றைக்கெல்லாம் கரு வெளுத்துத் திரிதிரியாகத் திரண்டுவிடுகிறது. குடிகாரன் மூளைக்கும் இதே கதிதான் என்று சொல்லிப் பாடத்தை முடிக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நடந்த பாடம் இது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் மேரி ஹண்ட் என்ற அம்மையார். ஒரு காலத்தில் ரசாயனம் கற்பித்தவர். கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் கல்விப் பகுதி அவர் கையில் இருந்தது. பெரியவர்களைத் திருத்துவது ஆகாத காரியம், பிள்ளைகளைப் பிடிப்போம் என்பது அவர் யோசனை. ஓட்டுரிமை இல்லாத ஒரு ஸ்திரீ சட்டசபை சட்டசபையாக ஏறி இறங்கினார். 1882-ல் வெர்மாண்ட் ராஜ்யம் சட்டம் செய்தது. 1901-க்குள் எல்லா ராஜ்யங்களும் வழிக்கு வந்துவிட்டன. அம்மையாரின் முத்திரை இல்லாமல் பாடப் புத்தகம் விற்பது கஷ்டம் என்ற நிலைமையும் வந்தது. அந்த முத்திரை பெற்ற புத்தகங்களில், சாராயம் தொண்டையில் இறங்கும்போதே உள் தோலை உரித்துவிடும் என்பது போன்ற சங்கதிகள் இருந்தன. பொய்யைப் பிழைப்பாகக் கொண்ட கதாசிரியனான எனக்கே இது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

பாடம் கேட்ட பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறான். அப்பா சாப்பாட்டு மேஜையில் ஒரு கோப்பை பீரைக் குடித்துவிட்டு, தொண்டை ஒன்றும் உரியாமல், அவனிடம் கணக்கு எழுதினாயா என்று கேட்கிறார். பையன் அப்பாவை நம்புவானா, புத்தகத்தை நம்புவானா?

இந்தச் சமயத்தில்தான் வில்பர் ஆட்வாட்டர் வந்து சேர்ந்தார். மிடில்டவுன் நகரத்து வெஸ்லியன் சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. செப்புத் தகடு பதித்த சின்னஞ்சிறு அறைக்குள் ஓர் ஆளை நாட்கணக்கில் வைத்து, அவன் உண்டது, மூச்சு விட்டது, அவன் உடம்பிலிருந்து வெளிப்பட்ட உஷ்ணம் எல்லாவற்றையும் அளந்தார். சிறிய அளவில் உள்ளே போன ஆல்கஹால், மாவையும் சர்க்கரையையும் போலவே உடம்பில் எரிந்து சக்தி தருகிறது என்று 1899-ல் சொன்னார். குடிப்பது நல்லது என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் சாராய வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மனிதர் துடித்துப் போனார். மதுவின் போதையைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். ஆனாலும் தாம் கண்டதை மறைக்கவில்லை. அவரும் சேர்ந்து உழைத்த 'ஐம்பதின்மர் குழு' 1903-ல் அந்தப் பாடப் புத்தகங்களைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது.

எனக்கு அம்மையார்மேல் கோபம் இல்லை. குடியால் பட்டினி கிடந்த குடும்பங்களை அவர் பார்த்திருந்தார். மதுவினால் புற்றுநோய் வருகிறது என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. உண்மையே போதுமான அளவு பயங்கரம். அதன்மேல் எதற்கு அரிதாரம்?

முட்டை மறுபடியும் வந்தது. 1987-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒருவர் சூடான வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, போதை மருந்து தின்றவன் மூளை இதுதான் என்றார். நூறு வருஷத்தில் கிண்ணம்தான் மாறியிருந்தது! அதற்கு முன்பே, 1983-ல், லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் 'டேர்' திட்டம் தொடங்கியிருந்தது. தேசம் முழுவதும் பரவியது. படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் 1990-களில் எடுத்துக் காட்டினார்கள்.

1998-ல் மார்ஷா ரோஸன்பாம் என்ற சமூகவியல் அறிஞர், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் தம் மகனுக்கு எழுதிய கடிதம் ஸான்பிரான்ஸிஸ்கோ பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. போதைப் பொருளைத் தொடாதே என்றுதான் அதிலும் கேட்டுக்கொண்டார். ஒருவேளை தொட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள். போதையோடு வண்டி ஓட்டாதே, போதையில் ஓட்டுகிறவனோடு ஏறாதே என்பதையும் சேர்த்தார். இது பிள்ளைக்கு அனுமதிச் சீட்டுக் கொடுப்பதாகும் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன்; நானும் தகப்பன். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சையே நான் எடுத்ததில்லை. பேசாமல் இருந்ததை அப்போது கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வகுத்த வழியைப் பின்பற்றி, 2019-ல் டிரக் பாலிஸி அலையன்ஸ் என்ற அமைப்பு பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதில் மாணவர்கள் கேள்வி கேட்கிறார்கள், விவாதிக்கிறார்கள். போலி மாத்திரைகளில் ஃபென்டானில் கலந்து வரும் காலம் இது. தோழன் மூச்சுத் திணறிக் கிடந்தால் அதை எப்படி அடையாளம் காண்பது, யாரைக் கூப்பிடுவது, நாலாக்ஸோன் மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதும் அந்த வகுப்பில் பாடம்.