கோட்டையடியில் எங்கே சாப்பிடுவது?

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை யாழ்ப்பாணக் கோட்டை பார்க்க அழைத்துச் சென்றேன். மண்டைதீவுக் கரையில் நின்றால் கடனீரேரிக்கு அப்பால் கோட்டை மதில் தெரியும். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போனால் சில நிமிடப் பயணம். ஆனாலும் எமது பிள்ளைகளிற் பலர் அதனுள்ளே கால் வைத்ததில்லை. மதிலையும் அகழியையும் இடிந்துபோன தேவாலயம் இருந்த இடத்தையும் காட்டி, ஆண்டுகளையெல்லாம் ஒப்புவித்து முடித்தேன். வெயில் ஏறியிருந்தது. ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இனி எங்க சாப்பிடுறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கோட்டையைக் கட்டியவர் யார், பிடித்தவர் யார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தக் கோட்டையடிக்கு வந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தவர் யார், யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் 'எங்கே சாப்பிடுவது' என்பது நாக்கின் ருசியை மட்டும் பற்றிய கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. 'எங்கே என்னை இருக்க விடுவார்கள்' என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கோட்டைக்கு முன்னரே அந்தக் கரையில் மனிதர்கள் உண்டார்கள், குடித்தார்கள். போருக்குப் பின் கோட்டைக்குள் நடந்த அகழாய்வுகளில் ஐரோப்பியர் வருகைக்கு மிக முற்பட்ட காலத்துச் சீன மட்பாண்டத் துண்டுகளும் மேற்காசியாவிலிருந்து வந்த மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. வரலாற்றாசிரியர்கள் அவற்றை வணிகத் தொடர்புக்குச் சான்று என்பார்கள். எனக்கோ அவை முதலில் கோப்பைகளும் சாடிகளும்தான். தூர தேசத்து மாலுமி ஒருவன் இந்தக் கரையில் இறங்கி யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான்.

அப்படி வந்தவர்களை எப்படி நடத்துவது என்பதற்கு எமது தீவுப் பகுதியிலேயே எழுத்துச் சான்று உண்டு. நயினாதீவில் 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பிறநாட்டார் வந்து தங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. அரசன் தன் பங்கை மறக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் கரையொதுங்கிய அந்நியனுக்கும் உரிமை உண்டு என்று கல்லில் வெட்டி வைத்த இடம் இது.

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதன்பின் எழுந்த கோட்டை சதுரமானது. ஒல்லாந்தர் அதை ஐங்கோண வடிவில் மீளக் கட்டினர். வெளிமதில் வேலைகள் 1792 இல் முடிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இவை பரீட்சைக்குரிய ஆண்டுகள். ஆனால் அந்த மதிலைப் பலவீனப்படுத்தியது பீரங்கி மட்டுமன்று, பசியும்தான். 1658 இல் ஒல்லாந்தர் மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டபோது உள்ளேயிருந்த போர்த்துக்கேயர் பசியாலும் நோயாலும் வாடியே ஜூன் மாதத்தில் சரணடைந்தனர். ஊர்காவற்றுறைக்கு எதிரே நீர்நடுவே நிற்கும் கடற்கோட்டையும் அதே ஆண்டில் விழுந்தது. அங்கே குடிதண்ணீர் தீர்ந்துபோயிற்று. சுற்றிவர நீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. தீவில் வாழ்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1990 இல் அதே கோட்டை மறுபடியும் முற்றுகைக்குள்ளானது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை உள்ளே இராணுவமும் பொலிசும், வெளியே விடுதலைப் புலிகளும். உள்ளிருந்தவர்களுக்கு வானிலிருந்து உணவு போட வேண்டியிருந்தது. செப்டெம்பர் 26 இல் இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியது. அந்த ஆண்டைப் பற்றி நான் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் தேநீர்க்கடைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டைக்கு வெளியே முற்றவெளி, அதற்கு அப்பால் பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி, கஸ்தூரியார் வீதி. தீவுகளிலிருந்து கச்சேரி அலுவலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ மீன் விற்கவோ வருகிறவர்கள் இந்த வட்டத்துக்குள்தான் பசியாற வேண்டும். கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கடை திறந்திருப்பது வேறு, எமக்குத் திறந்திருப்பது வேறு. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே வாங்கில் இடமில்லை. வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். எமது வீடுகளில் இருந்த மூக்குப்பேணியை இன்று நூதனசாலைப் பொருளாகக் காட்டி மகிழ்கிறோம். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே அதற்கு மூக்கு வைத்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சுத்தம் என்ற பெயரில் எவ்வளவோ அசுத்தம் நடந்திருக்கிறது.

இது தானாக மாறவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து சமமாக அமர்ந்து தேநீர் கேட்டார்கள். அடி வாங்கினார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் பல கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்தில் தொடங்கி யாழ்ப்பாணம் நோக்கி வந்த ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலையும் தாண்டி முற்றவெளிக் கூட்டத்தில் முடிந்தது. ஆம், கோட்டையின் பக்கத்தில்தான். அதே 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் தொழில் செய்துகொண்டே எழுதியவர். 1960 இல் வந்த அவரது முதற் சிறுகதைத் தொகுதியின் பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அந்நூலின் தலைப்பே யாழ்ப்பாணத்தின் ஒரு காலத்தைச் சொல்லிவிடும்.

என் அப்பா கடற்றொழிலாளி. மீன் விற்ற காசோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஐந்து சந்திப் பக்கம் ஒரு சோனகர் கடைக்குப் போவார். பெரிய கடையல்ல. இரண்டு வாங்கு, ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் றோல்ஸும் பணிஸும். "நானா, ரெண்டு தேத்தண்ணி" என்பார். எனக்கு ஆறவைத்துத் தருவார்கள். ஏன் இவ்வளவு தூரம் நடந்து இந்தக் கடைக்கே வருகிறோம் என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்ச எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான் தம்பி" என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை. சோனகர் கடைகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன என்று நான் சாதிக்க வரவில்லை. அப்பாவின் அனுபவம் அது. அவருடைய இளமைக் காலத்தில் நகரத்தின் வேறு கடைகளில் அவர் கண்ட அனுபவமும் அதற்குள் இருக்கிறது.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் தரையிறங்கியது. மண்டைதீவில் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களின் உறவினர் இன்றும் தேடுகிறார்கள். நாங்கள் உடுத்த துணியோடு யாழ்ப்பாண நகரத்துக்கு ஓடினோம். எனக்கு ஒன்பது வயது. சோனகத்தெருவுக்கு அண்மையில் ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் தங்கினோம். அயலில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுடைய கிணற்றில்தான் அம்மா தண்ணீர் அள்ளினார். அந்த ஆண்டு மீலாத் நாள் ஒக்டோபர் தொடக்கத்தில் வந்தது. குண்டு விழுகிற காலத்தில் பெரிய விழாவொன்றும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டு உம்மா நெய்ச்சோறு சமைத்தார். அவர்களுடைய பிள்ளைகளோடு என்னையும் ஒரே சஹனைச் சுற்றி இருத்தினார்கள். பலர் கைகள் ஒரு தட்டில் படுவதை நான் அன்றுதான் கண்டேன். அம்மாவுக்கென்று தனியாக ஓர் அலுமினியச் சட்டியில் சோறு வந்தது.

சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வெறுஞ்சட்டியாகக் கொடுக்கக்கூடாது, ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போட எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போயிற்று.

ஒக்டோபர் 30 காலையில் முஸ்லிம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். காசும் நகையும் வீட்டுச் சாமானும் வழியில் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் பிறந்த வண்ணார்பண்ணையில் அன்று மாலை ஒரு முஸ்லிம் வீட்டிலும் அடுப்பெரியவில்லை.

இந்த இதழின் வாசகர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். இரண்டு மாதங்களுக்கு முன் அதேபோல ஓடி வந்தவர்கள் நாங்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பயந்தோம் என்பது உண்மை. ஆனால் பயம் எல்லாவற்றுக்கும் பதிலாகாது. சிலர் அடுத்த நாளே அந்த வீடுகளின் கதவுகளைக் கழற்றினார்கள். அதற்கும் பயம் காரணமா? அப்பா மட்டும் அந்தக் கடையடிக்குப் போய் வந்து, "பூட்டிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1995 இல், அதே ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழை இரவு அது. அம்மாவின் மூட்டையில் அந்த அலுமினியச் சட்டியும் இருந்தது. வழியில் மழைநீர் ஏந்திக் குடிக்க அதுதான் உதவியது. இதை விதியென்றோ தண்டனையென்றோ நான் சொல்லமாட்டேன். திகதி ஒன்றாக அமைந்தது, அவ்வளவுதான்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். இன்று கோட்டையடிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சந்தைப் பக்கம் மலாயன் கபே பல தலைமுறைகளாகச் சைவச் சாப்பாடு தருகிறது. நல்லூர்ப் பக்கம் போனால் ஐஸ்கிறீம் கடைகள். பின்னேரங்களில் பண்ணைக் கடற்கரையோரம் கடலையும் வடையும். பயண வழிகாட்டிகள் இவற்றைச் சொல்கின்றன. சோனகத்தெருவை எழுதுகிறவர்கள் குறைவு.

நான் பிள்ளைகளை ஐந்து சந்திக்குத்தான் கூட்டிப்போனேன். 2002 இல் சமாதான ஒப்பந்தத்தின் பின் சிலரும் 2009 க்குப் பின் இன்னும் சிலரும் திரும்பி வந்து கடை திறந்திருக்கிறார்கள். பழைய எண்ணிக்கையில் யாரும் வரவில்லை. வீடு இடிந்து, காணிச் சிக்கல் தீராமல், புத்தளத்தில் ஒரு காலும் யாழ்ப்பாணத்தில் ஒரு காலுமாக வாழ்கிறவர்கள் பலர். பிள்ளைகள் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். மச்சம் சாப்பிடாத இருவருக்கு மரக்கறிக் கொத்துப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். இளைஞர். அந்தப் பழைய கடையைப் பற்றி விசாரித்தேன். "நான் புத்தளத்துல பிறந்தவன் சேர். வாப்பா சொல்லித்தான் இந்தத் தெருவெல்லாம் தெரியும்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே விதமான கிளாஸில் தண்ணீர் குடித்தார்கள். அது அவர்களுக்கு ஒரு விடயமாகவே படவில்லை. படக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பேர் அடிபட்டார்கள். ஆனால் அது எப்படி வந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும். திரும்பும் வழியில் பண்ணைப் பாலத்தில் பஸ்ஸிலேயே இந்தக் கதையைச் சொன்னேன்.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாளை எங்கள் தீவுக்கும் பல ஊரார் வருவார்கள். எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது என்று கேட்பார்கள். எங்கள் நிலத்தடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால்தான் கிணறு நன்னீர் தரும், பேராசையோடு இறைத்தால் உவர் ஏறிவிடும். விருந்தோம்பலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒருமுறை உவர்த்த கிணறு பழைய நிலைக்கு வரப் பல மாரிகள் வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1990 க்கு முன் யாழ்ப்பாண நகரத்தில் இருந்த முஸ்லிம் உணவுக்கடைகளைப் பற்றி ஒழுங்கான பதிவொன்று வேண்டும். கடையின் பெயர், இருந்த வீதி, அங்கே கிடைத்த பலகாரம், வந்து போன மனிதர்கள் என்று நினைவில் உள்ளதைப் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வாழும் மூத்தவர்கள் எழுதி இவ்விதழுக்கு அனுப்பினால், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் என் மாணவர்களுக்கும் அது பாடமாகும்.

அந்த அலுமினியச் சட்டி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அம்மா அதில் சமைப்பதில்லை. உரியவர்கள் யாரேனும் இதை வாசித்தால், வெறுஞ்சட்டியாகத் தரமாட்டோம்.